ஷிஃப்டை ஐந்து தடவை தட்டுங்கள்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி, கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணலாம். திரையைப் பார்த்து ஏதோ யோசிக்கிறாள் என்று யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சித்தூரில் எந்த மாடிப்படி ஏறினாலும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூருக்கோ மெட்ராஸுக்கோ மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. போகிற பிள்ளைகள் எல்லாம் எங்கள் மாடி வழியாகத்தான் போனார்கள். நான் மட்டும் மாடியிலேயே இருந்தேன். காலையில் வேர்டு, மத்தியானம் எக்செல், நடுவில் கரண்ட் போனால் யு.பி.எஸ். கத்துவதைக் கேட்டபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். "மேடம், மெனுவைக் காணோம்", "மேடம், எழுத்தெல்லாம் தானா பெரிசாயிடுச்சு" என்ற குரல்களுக்கு நீங்களும் பாதிக் கனவில் எழுந்து போனவர் என்றால், நாம் ஒரே கூட்டம். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

பகலில் நட்சத்திரம்

முனிலட்சுமி முதல் நாள் வந்தபோது உச்சி வெயில். நாலாம் நம்பர் மெஷினை யாரும் தொடாததால் அதில் ஸ்க்ரீன் சேவர் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையின் நடுவிலிருந்து நட்சத்திரங்கள் நம்மைப் பார்த்துப் பறந்து வருமே, அது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து கால் மணி நேரம் எதையும் தொடவில்லை. தொட்டால் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் தொந்தரவு செய்யவில்லை. எனக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும். அப்புறம்தான் கவனித்தேன், முந்தானைக்குள் வைத்திருந்த வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிட்டிருந்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர்ப் பெண். இன்டர், அதாவது ப்ளஸ் டூ, பாஸ். வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கரும்பு மெஷின் கையை இழுத்துக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஒரு பேப்பர் துண்டை நீட்டினாள். பெங்களூரில் வெளிநாட்டு ஃபாரங்களை டைப் அடிக்கிற கம்பெனி ஆள் எடுக்கிறதாம். மூன்று மாதத்தில் டெஸ்ட். எதற்கும்மா அவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ஊட்ல எனக்கு ஒரு வேலயும் சொல்ல மாட்டேன்றாங்கக்கா. ஒரு கூடைய நவுத்தப் போனாகூட எங்க வதின ஓடியாந்து புடுங்கிக்குது" என்றாள். வதின என்றால் அண்ணி. "சோறு போட்டுக் குந்த வெச்சிருக்கிறாங்க. எங்க நைனாகூட இப்பல்லாம் என்னைத் திட்றதே இல்ல." கையைப் பற்றிச் சொன்னபோது உடையாத குரல் இதைச் சொல்லும்போது உடைந்தது.

பழக்க தோஷத்தில் முதல் நாள் பாடத்தை ஆரம்பித்துவிட்டேன். கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கினால் கடைசியாகச் செய்த தப்பு இல்லாமல் போய்விடும், மறுபடி அமுக்கினால் அதற்கு முந்தின தப்பும் போய்விடும் என்று எல்லா பேட்ச்சுக்கும் ஒப்பிக்கிற அதே ராகத்தில் ஒப்பித்து முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. ஏசப்பா, இந்த வாயை என்ன செய்வது! அவள் கோபப்படவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எத்தினி தபா அமுக்கினா மூணு வருசம் பின்னால போவும்க்கா?"

திருப்பதிப் பெட்டி

வாரத்தில் இரண்டு நாள் திருப்பதியில் ஒரு கல்யாணப் பத்திரிகை பிரஸ்ஸில் எனக்கு வேலை. சித்தூரில் விண்டோஸ், அங்கே மேக். பஸ் சந்திரகிரியை நெருங்கும்போது எனக்குக் கண் சொருகும். இறங்கும்போது தலை திருப்பதிக்கு வந்திருக்கும், விரல்கள் மட்டும் சித்தூரிலேயே இருக்கும். சித்தூரில் கன்ட்ரோலும் எஸ்ஸும் அமுக்கினால் சேவ். திருப்பதியில் ஆப்பிள் படம் போட்ட பட்டனோடு எஸ். என் சுண்டுவிரல் கன்ட்ரோலைத்தான் தேடிப் போகும். அந்தப் பெட்டி சரி என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, பேசாமல் இருக்கும்.

ஒரு நாள் வடமாலபேட்டையிலிருந்து மாப்பிள்ளையின் மாமா வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மாவிலைத் தோரணம், மேலே பெருமாள், உள்ளே இரண்டு பக்க உறவுக்காரர்கள் எல்லார் பேரும் வைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்தியோடு கன்ட்ரோல் எஸ் போட்டுக்கொண்டே வந்தேன். கரண்ட் போயிற்று. வந்தது. மாவிலையும் இல்லை, மாமாக்களும் இல்லை, வெள்ளையாக ஒரு திரை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் துண்டால் விசிறிக்கொண்டே சொன்னார்:

"கல்யாணம் அதும்பாட்டுக்கு நடக்கும்மா, நீ நிதானமா சேவ் பண்ணிக்க."

மலையைப் பார்த்தபடி

அதே பிரஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரை மணி நேரம் உலகமே நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே மலை நீலமாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிய பாட்டு ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் என்னைக் கேட்காமலே அதற்குத் தாளம் போட்டது. எங்கே போட்டது? ஷிஃப்ட் பட்டனில். நாலைந்து தட்டு விழுந்திருக்கும். பெட்டி 'விய்ங்' என்று ஒரு சத்தம் போட்டது. திரையின் மேல் மூலையில் இதுவரை பார்க்காத ஒரு குட்டி அடையாளம் முளைத்தது. அதற்குப் பிறகு ஷிஃப்டை விட்டுவிட்டாலும் அமுக்கின மாதிரியே எழுத்து விழுந்தது. பயந்துபோய் பெட்டியை அணைத்துப் போட்டேன். பக்கத்து மேஜை டிசைனர் ஹரி தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்:

"பெட்டிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டாதீங்க மேடம், அப்புறம் அது சிரிச்சுட்டே இருக்கும்."

ஈசானிய மூலை

பங்காருபாளையத்தில் ஒரு மாங்காய் மண்டிக்காரர் எங்கள் சென்டர் மூலமாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். எதிர் மண்டிக்காரர் வாங்கிவிட்டாரே! மேஜைக்கு வாஸ்து பார்த்தாயிற்று, ஒயர் வருகிற ஓட்டைக்கும் பார்த்தாயிற்று. பெட்டியைப் போட்டதும் திரையை உற்றுப் பார்த்தவருக்கு முகம் மாறிவிட்டது. "ஏம்மா, இந்த ஸ்டார்ட்டுன்றது எங்க இருக்குது பாரு. மேல வடக்குன்னா, இது தென்மேற்கு, நைருதி மூலை. ஆரம்பமே நைருதியில இருந்தா யாவாரம் எப்படிம்மா எழுந்துக்கும்? ஈசானியத்துக்கு மாத்து" என்றார். படிச்சவங்க வீட்டில் சொல்லிவிடாதீர்கள், நான் சிரிக்கவில்லை. அடியில் கிடந்த அந்தப் பட்டையை மவுஸால் பிடித்து வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டேன். ஸ்டார்ட் பட்டன் சமர்த்தாக மேல் வலது மூலையில் போய் உட்கார்ந்தது. ஈசானியம்!

"ஆ!" என்றார். அப்புறம் விடவில்லை. கனமான ஃபைல் எல்லாம் நைருதிக்குப் போயிற்று. குப்பைத் தொட்டி வாயு மூலையிலேயே இருக்கலாம் என்று உத்தரவாயிற்று. பின்னணியில் பச்சை நிறம் வந்தது. மாந்தோப்பில் மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் படுத்து மேலே பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சைதான் வேண்டும் என்று நாலு பச்சை மாற்றவைத்தார். எல்லாம் முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை அரை மூடி மூடிக்கொண்டு சொன்னார்:

"இப்பதாம்மா பொட்டி நம்ம பேச்சைக் கேக்குது."

நாலாம் நம்பர் மெஷின்

திரும்பி வரும்போது பஸ் முழுக்க அந்தப் பேச்சே என்னோடு வந்தது. ஒரு மனுஷனின் திசைக்காகப் பெட்டி திரும்பி உட்காருகிறது. ஒரு பெண்ணின் கைக்காக உட்காராதா? ஒரு மாதமாக முனிலட்சுமியைத்தான் பெட்டிக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து அடிக்க அவளுக்கு இடது கை போதும். மழை மாதிரி அடிப்பாள். சேர்த்து அமுக்குகிற இடத்தில்தான் மாட்டிக்கொள்வாள். பக்கத்தில் கீபோர்டு இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், வலது கோடியில் இருக்கிற பி மூன்றையும் இடது கையால் மட்டும் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். அவள் பியை அமுக்கக் குனிந்து தாடையை வைப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மறுநாள் காலை கன்ட்ரோல் பேனலுக்குள் புகுந்தேன். இத்தனை வருஷம் அந்தச் சக்கர நாற்காலிப் படத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாள் திறந்து பார்த்ததில்லை. உள்ளே ஸ்டிக்கி கீஸ் என்று ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டால் கன்ட்ரோலை அமுக்கி விட்டுவிடலாம். அடுத்த பட்டன் வரும்வரை பெட்டியே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். மவுஸை இடது கைக்கு மாற்றினேன். அவளுக்குத் தோதாகப் பட்டையை இடது ஓரத்துக்கு இழுத்தேன். அவள் கன்ட்ரோலைத் தொட்டாள், விட்டாள். ஆல்ட்டைத் தொட்டாள், விட்டாள். பியைத் தொட்டாள். திரையில் ஜன்னல் திறந்தது. முனிலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தாள். "ஐயே, இத்தினி நாளு இது உள்ளயேவா இருந்திச்சி!" என்றாள். எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

சாயங்கால பேட்ச் ரகளை பண்ணியது. நாலாம் நம்பரில் பேய் பிடித்திருக்கிறது, மவுஸ் தலைகீழாக வேலை செய்கிறது, தொட்டால் கத்துகிறது என்று சென்டர் முதலாளி பாஸ்கர் சாரிடம் புகார். எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாற்று என்றார் அவர். மாட்டேன் என்றேன். எனக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வராது, தமிழிலேயே கத்தினேன். சரி, என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று அவரே நாலாம் நம்பரில் உட்கார்ந்து ஒரு லெட்டர் அடிக்க ஆரம்பித்தார். எதைத் தொட்டாலும் வேறெதுவோ திறந்தது. நெற்றி வியர்த்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தார். அன்றிலிருந்து நாலாம் நம்பர் முனிலட்சுமியுடையது. எழுந்தவர் அப்போது சொன்னதை மறக்க மாட்டேன்:

"பத்து நிமிசத்துக்கே நமக்கு இப்பிடி இருக்குதே, அந்தப் பொண்ணுக்கு உலகத்துல இருக்கிற எல்லா மெஷினும் இப்பிடித்தானேம்மா?"

பலமனேர்ப் பனி

டெஸ்ட் அன்றைக்கு விடியற்காலை பஸ்ஸில் நானும் அவளோடு கிளம்பினேன். பலமனேர் மேடு ஏறினதும் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. சந்தைக்குப் போகிற தக்காளிக் கூடைகள் ரோட்டோரம் மங்கலாகத் தெரிந்தன. நான் வழக்கம்போல் கனவில் இருந்தேன். பெரிய கண்ணாடிக் கட்டடம், உள்ளே வரிசையாக மெஷின், முனிலட்சுமி நடந்து போய் ஒன்றின் முன்னால் உட்காருகிறாள், இடது ஓரத்தில் பட்டை... ஐயோ! எங்கே இருக்கும் பட்டை? நாங்கள் மாற்றினதெல்லாம் சித்தூரில் நாலாம் நம்பருக்குள் அல்லவா இருக்கிறது! அங்கே யார் மாற்றி வைத்திருப்பார்கள்? கன்ட்ரோல் பேனல் வழியை அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. இனிமேல் சொல்லலாம் என்றால், எல்லாருக்கும் சொல்லித்தருகிற என் விரல்களே திருப்பதிக்குப் போனால் வழி தவறுகின்றன. அங்கே இருப்பது விண்டோஸா, மேக்கா, வேறெதாவதா, யார் கண்டது?

அவளிடம் சொன்னேன். அழுதுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் முகம் வெளுத்தது. "அப்போ நாம செஞ்சதெல்லாம் அந்தப் பொட்டியோடவே நின்னுபோச்சாக்கா?" என்றாள். பனியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது திருப்பதி மலை ஞாபகம் வந்தது, அந்த 'விய்ங்' ஞாபகம் வந்தது. எங்கள் சித்தூர் மெஷினில் ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வரும் என்று அந்தக் கன்ட்ரோல் பேனலிலேயே எழுதியிருந்தது. அப்படியானால் திருப்பதியில் அன்றைக்கு நான் தாளம் போட்டபோது வந்ததும் அதுவேதான்! இரண்டு பெட்டியில் இருப்பது மூன்றாவதிலும் இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: எந்தப் பெட்டியானாலும் முதலில் ஷிஃப்டை ஐந்து தட்டு தட்டு. அவள் முன் சீட்டுக் கம்பியில் தட்டிப் பார்த்தாள். பெங்களூர் வரும்வரை தட்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்:

"அஞ்சுதானக்கா? ஒரு கைக்கு அதான கணக்கு."

குண்டுப் பறவை

கம்பெனி வாசலில் ஒரு மரத்தடிக் கட்டையில் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளே விடவில்லை. கண்ணாடிச் சுவரில் என் முகமும் மேகமும்தான் தெரிந்தன. கைப்பையின் மேல் என் விரல் தானாக ஐந்து ஐந்தாகத் தட்டிக்கொண்டிருந்தது. காவல்காரர் இரண்டு தடவை வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மேகம் கண்ணாடியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போயிற்று. அது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தவள் மூச்சு வாங்கினாள். "ஸ்டார்ட்டே இல்லக்கா! நம்ம பொட்டி மாதிரியே இல்ல. ஒரு குண்டுப் பறவ கருப்புக் கோட்டு போட்டுக்கினு குந்தினு இருந்திச்சி." பெங்குவின் படம் என்றால் லினக்ஸ்! எனக்குத் தலை சுற்றியது. நானே அதைத் தொட்டதில்லை. "சுத்தி இருந்த பசங்கல்லாம் டபடபன்னு அடிச்சிக்கினு கீறாங்க. நான் அஞ்சு தட்டினேன். ஒண்ணும் வரல. அவசரத்துல நாலுதான் தட்டினேனோன்னு, மறுக்கா மெதுவா எண்ணி எண்ணித் தட்டினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒரு ஜன்னல் தெறந்து இங்கிலீசுல கேட்டுச்சிக்கா, நீ ஷிஃப்டை அஞ்சு தபா தட்டினியே, ஸ்டிக்கி கீஸ் ஓணுமான்னு!" அவள் ஓணும் என்று அமுக்கியிருக்கிறாள். ஃபாரத்துக்கு மேல் ஃபாரமாக அடித்திருக்கிறாள். மேற்பார்வை பார்த்த அம்மா அவள் பின்னால் வந்து நின்று, ஒற்றைக் கையில் மூன்று பட்டன் வேலை நடப்பதைப் பார்த்து, கடைசியில் வேலைக்கு எப்போது வருகிறாய் என்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்டாராம்:

"நாங்க ஒரு வருஷமா இந்த மெஷின்லதான் உட்கார்ந்திருக்கோம், இது இங்க இருக்குன்னு உனக்கு யாரும்மா சொன்னது?"

ஞாயிற்றுக்கிழமை போன்

வேலைக்குச் சேர்ந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து ஈர முடியை உலர்த்தியபடி பாதித் தூக்கத்தில் இருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆள் வந்து எனக்குப் போன் என்றார். ஓடினேன். முனிலட்சுமி. சொந்த ஊரிலிருந்து பேசினாள். லீவுக்கு வந்திருக்கிறாளாம். குரலில் ஒரு படபடப்பு. என்ன ஆயிற்றோ, வேலை போய்விட்டதோ என்று எனக்குப் பகீர் என்றது. "இன்னாடி ஆச்சு, சொல்லு" என்று கத்திவிட்டேன்.

வேலை பத்திரமாக இருந்தது. அன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லத்தான் சைக்கிளில் அண்ணன் பின்னால் உட்கார்ந்து போன் இருக்கிற ஊர்வரை வந்திருக்கிறாள். சொல்ல ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து பேச்சு நின்று போயிற்று. நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் சொன்னாள்:

"எங்க வதின என்னைத் திட்டிச்சிக்கா! 'விடிஞ்சி இம்மா நேரம் ஆவுது, இன்னும் குந்திக்கினே கீறியே, எழுந்து போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு'ன்னு எல்லார் எதுர்லயும் திட்டிச்சிக்கா!"

இத்தனை வருஷத்தில் நான் சொல்லிக்கொடுத்த ஆயிரம் குறுக்குவழிகளில், நேராக ஒரு வீடு போய்ச் சேர்ந்தது, தூக்கக் கலக்கத்தில் தாளம் போட்டு நான் கண்டுபிடித்த அந்த ஒன்றுதான்.